சரம் நீளும்போது 16 பைட் கூட்டுவதா, இரட்டிப்பதா?

புதுக்கோடு:
சி மொழியில் ஒரு கோப்பை எழுத்து எழுத்தாக வாசித்து ஒரே சரமாகச் சேர்க்கிறேன். இடம் போதாதபோதெல்லாம் ரீஅலாக் (ஒதுக்கிய நினைவகத்தின் அளவை மாற்றும் கட்டளை, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகர்த்தும்) அழைத்து 16 பைட் கூட்டுகிறேன். இரட்டிக்கத் தெரியாதவன் சி எழுதவே கூடாது என்கிறார் அலுவலக நண்பர். அவ்வளவு பெரிய குற்றமா?

இரட்டைக்கிளவி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 எம்பி சரத்துக்கு உங்கள் வழியில் சுமார் 65,000 தடவை ரீஅலாக். ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் மொத்தம் 34 ஜிபி அளவுக்கு நகலெடுக்க நேரும். 16 பைட்டில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் 16 தடவை போதும். நகல் எல்லாம் சேர்ந்தும் 1 எம்பிக்குள் அடங்கும்.

சிறுபலகை:
"இடம் மாறினால்" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிட்டீர்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, பெரிய துண்டுகளுக்குப் பக்க அட்டவணையை (எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்ற பட்டியல்) மட்டும் மாற்றும், பைட்டுகளை நகலெடுக்காது. என் பிழைப்பு 64 கேபி நினைவகம் உள்ள சிப்பில். 32 கேபி நிரம்பியதும் இரட்டித்தால், பழையதை விடுவதற்கு முன்பே புதிதாக 64 கேபி வேண்டும். இருப்பதே அவ்வளவுதான்!

இரட்டைக்கிளவி:
அந்தச் சிப்பில் அளவு மாறாத பஃபர் (முன்கூட்டியே ஒதுக்கிய இடம்) வையுங்கள், அங்கே ரீஅலாக்கே வம்பு. கேட்டவரிடம் இருப்பது கணினி.

சிறுபலகை:
கணினி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பீர்களா? 500 எம்பி சரத்தில் ஓர் எழுத்தைச் சேர்க்க இன்னொரு 500 எம்பியா? ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் சர நூலகம் 1 எம்பி வரை இரட்டிக்கிறது. அதற்கு மேல் 1 எம்பி மட்டுமே உபரியாக வைக்கிறது.

இரட்டைக்கிளவி:
நல்ல ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெடிஸும் 16 பைட்டாகக் கூட்டவில்லையே.

கசிவுவேட்டை:
நீங்கள் வேகத்துக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். கேட்டவரோ ரீஅலாக் தருவதை அதே பாயிண்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) போட்டிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். இடம் கிடைக்காவிட்டால் 'நல்' (NULL, எதையும் சுட்டாத வெற்று முகவரி) வரும். பழைய முகவரி தொலைந்துவிடும். அந்த இடத்தை விடுவிக்க வழியே இல்லை. வேறொரு பாயிண்டரில் வாங்கி, நல் இல்லை என்று பார்த்தபின் மாற்றுங்கள். சரத்தின் நடுவைச் சுட்டும் பாயிண்டரையும் வைத்துக்கொள்ளாதீர்கள், எத்தனையாவது பைட் என்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சரம் இடம்பெயர்ந்தபின் அந்தப் பாயிண்டரைத் தொட்டுவிட்டு, பிழை எங்கே என்று ஓர் இரவு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

புதுக்கோடு:
பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். திறந்து பார்த்தால், சரத்தை முடிக்கும் சுழிய பைட்டுக்கும் நான் இடம் விடவில்லை.