புதுப்பிப்பு: சனி 10 கி.மீ., ஞாயிறு 21.1 கி.மீ.

சென்னையில் அடுத்தடுத்த நாளில் இரண்டு ரேஸ் ஓடலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. ஓடலாம். ஆனால் ஞாயிறு ஓட்டம் எப்படி அமையும் என்பது சனி மதியமே முடிவாகிவிடும்.

சனியன்று உங்கள் வழக்கமான ரேஸ் வேகத்தைவிட கிலோமீட்டருக்கு 20–30 விநாடி கூடுதலாக எடுத்து, அடக்கி ஓடுங்கள். முடித்ததும் முதல் 4 மணி நேரம், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் மணிக்கு மணி மாவுச்சத்து தேவை. 60 கிலோ ஆளுக்கு 60 கிராம். ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம் இருக்கிறது. தயிர்சாதம், ஊறுகாய், வாழைப்பழம் போதும், உப்பும் சேர்ந்துவிடும். விலை உயர்ந்த பவுடரெல்லாம் அப்புறம்.

நம்மூர்ப் புழுக்கத்தில் நீரிழப்புதான் பெரிய வில்லன். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25–1.5 லிட்டர், மாலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள்.

நனைந்த ஷூ விடிவதற்குள் காயாது, இன்னொரு ஜோடி வேண்டும். தொடை உரசலுக்கு வாசலின். வலிக்கு ஐபுப்ரூஃபன் போட்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடலில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

ஞாயிறு முதல் 3 கி.மீ. கால் கட்டையாக இருப்பது சகஜம். ஒரே இடத்தில் குத்தி, நொண்ட வைத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.