காய்க்கும் தென்னையை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாமா?

கேள்வி (கோவை)

அனைவருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டி ஓர் அறை கட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் அப்பா நட்ட இரண்டு நெட்டைத் தென்னைகள் நிற்கின்றன. வயது 12, அடிமரம் சுமார் 15 அடி. அப்பா இப்போது இல்லை என்பதால் அவற்றை வெட்ட அம்மாவுக்கும் எனக்கும் மனம் வரவில்லை. பின்பக்கம் 40 அடி தள்ளி நல்ல வெயில் படும் இடம் இருக்கிறது. சுவரோரம் இடுப்பளவு வளர்ந்த பனை வடலி ஒன்றையும் நகர்த்த வேண்டும். பொக்லைன்காரர், தோண்டித் தூக்கி வைத்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்கிறார். நம்பலாமா?

மறுமொழி (பட்டுக்கோட்டை)

தென்னை பிழைக்கும், ஆனால் தானாக அன்று. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்தபோது, ஒரு பக்க வேராவது மண்ணில் இருந்த ஒன்பது மரங்களை நிமிர்த்தி நட்டோம், ஆறு பிழைத்தன. மற்ற மூன்றும் வேர் அறுந்ததால் சாகவில்லை, தூக்கும்போது கொண்டை உலுக்கப்பட்டதால் செத்தன என்றே நினைக்கிறேன். ஐந்தாவது வாரம் ஒரு மரத்தின் குருத்தோலையை லேசாக இழுத்தேன். அடி குழைந்து, அழுகல் நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமே போயிற்று.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து புதுவேர்கள் விட்டுக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்ட வேர்களிலும் ஏறக்குறையப் பாதி மீண்டும் கிளைக்கும். ஆகவே தூரிலிருந்து இரண்டடி விட்டு, மூன்றடி ஆழத்துக்கு மண்கட்டி உடையாமல் எடுங்கள். முதல் நாளே நிறையத் தண்ணீர் விட்டால் மண் உதிராது. குருத்தைச் சுற்றி இள மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அதோடு ஒரு மூங்கிலையும் அடிமரத்தோடு இறுகக் கட்டிவிட்டால் கொண்டை ஆடாது. சங்கிலி போட்டுத் தூக்க விடாதீர்கள். சாக்கைச் சுற்றி அகலமான பெல்ட் போடச் சொல்லுங்கள். மாமரத்தைப் போலத் தென்னையில் காயம் மூடாது, அந்தக் காயத்தின் வாசனைக்கே சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும். முட்டுக் கொடுக்கும்போதும் ஆணி அடிக்கக் கூடாது.

முன்பு மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று தோன்றும். தூர் மூச்சுமுட்டி மரம் மெல்லத் தேய்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதம் உங்கள் ஊருக்கு ஏற்றது.

மறுமொழி (பொள்ளாச்சி)

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா மட்டைகளையும் கழித்து மொட்டையாக நடச் சொல்பவர்கள் உண்டு. தென்னைக்கு அது வேண்டாம். அடிமட்டைகளில் பாதியை மட்டும் கழியுங்கள். புதுவேர் விடுவதற்கு உணவு மேல் மட்டைகளிலிருந்துதான் வர வேண்டும். பாளையையும் குரும்பையையும் மட்டும் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

மறுமொழி (திருச்செந்தூர்)

வடலியைத் தொடாதீர்கள், ஐயா. பனங்கொட்டையின் முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும்; பனங்கிழங்கு பிடுங்கியவர்களுக்கு அந்த ஆழம் தெரியும். அடிமரம் விடாத வடலியின் குருத்து இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. தோண்டினால் அதைத்தான் வெட்டுவீர்கள். முடிந்தால் சுவரைச் சற்று விலக்கிக் கட்டுங்கள். மேலும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருப்பதால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பனை வேண்டுமென்றால், ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது நான்கு கொட்டைகளை ஊன்றுங்கள்.

கேட்டவர் (கோவை)

மிக்க நன்றி. சுவரை இரண்டடி விலக்க மேஸ்திரி சம்மதித்துவிட்டார். நட்ட பிறகு தென்னை பிடித்துக்கொண்டது என்பதை எப்படி அறிவது? உரம் எப்போது இடலாம்?

மறுமொழி (பட்டுக்கோட்டை)

குருத்தோலையிலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே உயரத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். சில வாரங்களில் குருத்தின் கோடு மேலேறியிருந்தால் உயிர் இருக்கிறது. புது ஓலை விரியும்வரை உரம் வேண்டாம். வேர்ப்பகுதி காயாமல், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காய்ப்பு ஓரிரு ஆண்டு தள்ளிப்போகலாம் என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.