டஸ்டருக்கு டயர் மாற்ற வேண்டும்: எச்/டி (தார்ச்சாலை ரகம்) போதுமா, ஏ/டி (மண், கல் என எல்லாத் தரைக்குமான ரகம்) போடலாமா?

கோவை டஸ்டர்:
வணக்கம். என்னுடையது 2014 டஸ்டர் டீசல், முன்சக்கர டிரைவ், 91,000 கி.மீ. ஓடியது. இப்போது கிடப்பது 2020 கடைசியில் போட்ட இரண்டாவது செட், 215/65 ஆர்16. ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். மாதம் ஒரு முறை வால்பாறை போவோம். மாமனார் வீடு எஸ்டேட்டுக்குள் இருப்பதால் கடைசி இரண்டு கி.மீ. மண் பாதை.

போன வாரம் மழையில் ஆழியாறு தாண்டி ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தும் வண்டி திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் மேலே போய்ச் சேரும் வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் பார்த்தால் முன் டயர் இரண்டிலும் வெளிப்பக்கம் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது, உள்விளிம்பு மட்டும் மொட்டை. பின் டயர்கள் பரவாயில்லை.

டயர் கடையில், "235/70 ஏ/டி போடுங்க சார், இதே ரிம்மில் உட்காரும், வண்டி கெத்தா நிற்கும்" என்கிறார்கள். ஸ்டெப்னி வண்டியோடு வந்தது, இன்னும் தரையைத் தொடவில்லை. அதையும் சேர்த்துக்கொண்டு மூன்று மட்டும் வாங்கினால் போதுமா? எந்த கம்பெனி நல்லது?

மலைப்பாதை:
கம்பெனியைப் பிறகு பார்க்கலாம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் குற்றம் பெரும்பாலும் டயருடையது அல்ல. இப்படியே புது டயர் மாட்டினால் அதையும் வண்டி தின்றுவிடும்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்திவிட்டு, முன் டயரின் பட்டன் மேல் குறுக்காக உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கம்பி வெளியே வந்திருந்தால் கிழித்துவிடும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி கையில் பிடித்தால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. பிடிக்காமல் ஒரே சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட வேண்டும்.

கோவை டஸ்டர்:
பார்த்தேன் அண்ணா. ரம்பமேதான். இடது பக்கம் அதிகம். ஆனால் ஆறு மாதம் முன்புதான் அலைன்மென்ட் செய்தேனே?

மலைப்பாதை:
லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர், கிழிந்திருந்தால் அலைன்மென்ட் நிற்காது தம்பி. மெஷின் மேல் நிற்கும்போது கணக்கு சரியாகக் காட்டும், ரோட்டில் பிரேக் பிடித்தால் சக்கரம் முன்னே பின்னே போகும். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டொக்'கென்று சத்தம் வருகிறதா? பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இது சாதாரணம். மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி, ஆர்மைக் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ், பால் ஜாயின்ட் முடித்த பிறகு டயர், கடைசியில் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு முறை காசு.

டேப்பும் கையுமாக:
235/70-க்கு நான் எதிர்க்கட்சி. கணக்கைப் பாருங்கள். உங்கள் டயரின் மொத்த விட்டம் 686 மி.மீ. 235/70 ஆர்16 என்றால் 735. ஏழு சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 107-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒடித்துத் திருப்பும்போது உள்ளே உரசலாம். மலை ஏற்றத்தில் இழுவையும் குறையும். இவ்வளவுக்கும் வண்டி உயர்வது அதில் பாதி, இரண்டரை செ.மீ.கூட முழுதாக இல்லை. டஸ்டருக்கு ஏற்கெனவே 205 மி.மீ. தரை இடைவெளி இருக்கிறது, போதாதா?

215/65-லேயே இருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 98எச் என்று இருக்கும். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஏ/டி கெட்டது என்று சொல்லவில்லை. கல்லும் சேறும் தினமும் மிதிப்பவர்களுக்கு அதுதான். உங்களுக்கு இரண்டு கி.மீ. மண், மிச்சமெல்லாம் தார். ஈரத் தாரில் நல்ல எச்/டி டயர்தான் கெட்டியாகப் பிடிக்கும், இரைச்சலும் குறைவு. எம்ஆர்எஃப், அப்போலோ, மிஷெலின், யோகோஹாமா என எதுவானாலும் அந்த நிறுவனத்தின் எச்/டி ரகமாகக் கேளுங்கள்.

பஞ்சர் கடை மருமகன்:
ஸ்டெப்னி யோசனையை விட்டுவிடுங்கள். டயர் ஓரத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2214 என்றால் 2014-ன் 22-வது வாரம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும், விரலால் மடக்கினால் மயிரிழை வெடிப்பு தெரியும். பத்து வருடம் கடந்துவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள் என்றுதான் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பின்னால் இருப்பதில் நல்லது ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காசு இடித்தால் இப்போதைக்கு இரண்டு வாங்கி முன்னால் போடுங்கள். இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரம்தானே.

டேப்பும் கையுமாக:
மருமகனே, கடைசி வரியில் தவறிவிட்டீர்கள். இரண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர டிரைவாக இருந்தாலும். முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றும், அதுவும் மலை இறக்கத்தில். பரவாயில்லை என்கிற பழைய ஜோடி முன்னால் வரட்டும்.

பஞ்சர் கடை மருமகன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாரும் பின்னால் போட விடுவதில்லை என்பது வேறு கதை. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் பாருங்கள்.

கோவை டஸ்டர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். இடது லோயர் ஆர்ம் புஷ் இரண்டாகக் கிழிந்து, ரப்பர் தனியாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் ஆர்ம் மாற்றியாயிற்று. நான்கும் எச்/டி, 215/65, 98எச். நீங்கள் சொல்லாவிட்டால் தேதி பார்த்திருக்க மாட்டேன்: மூன்று டயர் 2825, ஒன்று மட்டும் 4122. திருப்பிக் கொடுத்தேன். "எல்லாம் புதுசுதான் சார்" என்று முகம் சுளித்தார், ஆனால் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். காற்றை டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவுக்கு அடிக்கப் போனார், தடுத்து கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடி அடிக்கச் சொன்னேன்.

ஒரு சின்னக் குறை. 90-ல் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறது, 70-ல் இல்லை.

மலைப்பாதை:
பேலன்சிங், அதாவது சக்கரம் சுற்றும்போது எடை சமமாக இல்லை. ரிம்மின் உட்புறம் ஒட்டிய எடை ஏதாவது கழன்றிருக்கும், சேறு துடைக்காமல் ஒட்டினால் அப்படித்தான். முன் இரண்டையும் மறுபடி சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை டஸ்டர்:
அதேதான். வலது முன்னால் 35 கிராம் குறைவு. இந்த ஞாயிறு வால்பாறை.