எம்ஜிபி: இடது பின் டயர் உரசுகிறது, முன்பக்கம் தூக்கி நிற்கிறது. கடினமான லீஃப் பிளேட் போடணுமா?

பச்சை ரோட்ஸ்டர்:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை மடங்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். குரோம் பம்பர், 14 அங்குலக் கம்பி வீல். பழைய 165/80 டயர்கள் வெடிப்பு விட்டதால் போன மாதம் 185/70 போட்டேன் (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அதில் எத்தனை சதவீதம்). அந்தக் கையோடு முன் சுருள் ஸ்பிரிங்கும் விஷ்போன் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை) மூட்டிலுள்ள ரப்பர் புஷ்ஷும் புதிது. பின்பக்கம் கை வைக்கவில்லை. இப்போது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மோட்டார் படகு மாதிரி நிற்கிறது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பள்ளத்தில் இறங்கினால் இடது பின் டயர் சர்ரென்று மட்கார்டில் உரசுகிறது. வலதில் ஒன்றுமில்லை. பின்பக்கத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் கடினமான லீஃப் பிளேட் போட்டால் தீருமா? இல்லை, 185/60க்கு இறங்கிவிடலாமா?

ஸ்பானர் சித்தப்பா:
தம்பி, 185/60 வேண்டாம். 165/80 R14 டயரின் உயரம் 620 மி.மீ., 185/70 போட்டால் 615. அதுவரை சரி. 185/60 வெறும் 578. மீட்டரில் 60 மைல் காட்டும்போது நிஜத்தில் 56தான் போவீர்கள், இன்ஜின் வேறு கத்திக்கொண்டே வரும்.

இடது பக்கம் மட்டும் உரசுவது உங்கள் வண்டியின் குறை இல்லை. நிறைய எம்ஜிபிகளில் இடது பின் இடைவெளி வலதைவிடக் குறைவு. அதற்கு மேல், கம்பி வீலின் ரிம் நாலரை அங்குலம்தானே? அதில் 185 போட்டால் பக்கச்சுவர் பிதுங்கும். உள்ளே டியூபும், கம்பி முனை அதைக் குத்தாமல் காக்கும் ரிம் டேப்பும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு கேள்வி. விஷ்போன் போல்ட்டை வண்டி ஜாக்கியில் இருக்கும்போது முறுக்கினீர்களா? வாங்கின ஸ்பிரிங் ரோட்ஸ்டருக்கானதா, ஜிடிக்கானதா (நிலையான கூரை உள்ள எம்ஜிபி)? ஜிடியுடையது கடினம், உங்கள் வண்டியை அது தூக்கத்தான் செய்யும்.

பச்சை ரோட்ஸ்டர்:
ஸ்பிரிங் ரோட்ஸ்டருடையதுதான் அண்ணா, பில் இருக்கிறது. போல்ட் முறுக்கினது ஜாக்கியில்தான்! ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன்: முன் 390 மி.மீ., பின் 350.

ஸ்பானர் சித்தப்பா:
அதுதான் விஷயம். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். தரையில் இறக்கினதும் அது முறுக்கேறி வண்டியை மேலே பிடித்து வைக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். சக்கரம் தரையில் இருக்க போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை நாலு அடி முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம் முறுக்குங்கள்.

ஈரச்சாலை:
ஒரு வார்த்தை. கடினமான பிளேட் மேல் ஆசைப்பட்டு நான் பட்டிருக்கிறேன். மழை நாளில் வளைவில் பின்பக்கம் தனியாகப் போகும். பிளேட் தட்டையாகத் தொய்ந்திருந்தால் ஒரிஜினல் கடினத்திலேயே புதிது போடுங்கள். அதற்கு முன்னால் கீழே படுத்து ஆக்ஸிலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் வண்டியைத் தாழ்த்த அங்கே கட்டை செருகியிருப்பார்கள். லீவர் ஷாக்கில் (பழைய வகை ஷாக் அப்சார்பர்) எண்ணெய் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பச்சை ரோட்ஸ்டர்:
கட்டை இருந்தது! ஒரு அங்குல அலுமினியத் துண்டு, இரண்டு பக்கமும். கருப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் இத்தனை நாளும் ஆக்ஸிலின் பாகம் என்றே நினைத்திருந்தேன். கழற்றிவிட்டேன். ஆக்ஸிலையும் பிளேட்டையும் கட்டும் யூ போல்ட் கட்டை இல்லாமல் தேவைக்கு மேல் நீளமாக இருந்ததால் சரியான அளவில் புதிது வாங்க வேண்டியிருந்தது. முன்பக்கம் சொன்னபடி செய்ததில் 12 மி.மீ. இறங்கியது. இப்போது முன் 378, பின் 374. படகு கரைக்கு வந்துவிட்டது.

உரசல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் இருவர் உட்கார்ந்து பெரிய பள்ளத்தில் விழுந்தால் இடது பக்கம் இன்னும் லேசாக முத்தமிடுகிறது.

ஸ்பானர் சித்தப்பா:
மட்கார்டு விளிம்பைச் சுத்தியலால் மடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பெயின்ட் உதிரும். அந்த ரிம்முக்கு 165தான் பொருத்தம். ஸ்டீயரிங்கும் லேசாகும்.

பச்சை ரோட்ஸ்டர்:
165/80 ஆர்டர் போட்டாச்சு. 185/70 நாலும் 200 மைல்கூட ஓடவில்லை. ஐந்து அங்குல ரிம் உள்ள ரோஸ்டைல் வீல் (கம்பி இல்லாத இரும்பு வீல்) வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமா?