கலைச்சொல்: ‘ஃபோர்ட்டிஃபைடு சீரியல்’ – செறிவூட்டலா, சத்தேற்றமா?

அனைவருக்கும் வணக்கம்.

காலையுணவுத் தானியப் பெட்டிகளில் வரும், சத்துகள் சேர்க்கப்பட்டது என்று பொருள்படும் ‘ஃபோர்ட்டிஃபைடு’ என்பதற்குச் ‘செறிவூட்டப்பட்ட’ என்பதே போதும், பழகிவிட்ட சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று முந்தைய மடல்களில் இருவர் கேட்டிருந்தீர்கள். பழகிய சொல்லுக்குரிய மதிப்பை நானும் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல் வேறொரு துறையில் வேறொரு பொருளுக்கு உறுதியாக நிலைத்திருக்கிறது. யுரேனியத்தைச் செறிவூட்டும்போது அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இயற்கையில் 0.7 விழுக்காடு அளவே இருக்கும் யுரேனியம்-235 என்ற வகையின் பங்கை, பெரும்பாலான அணுவுலைகளுக்கு வேண்டிய 3 முதல் 5 விழுக்காடு வரை உயர்த்துகிறார்கள். ஆக, இருப்பதன் அடர்த்தியைக் கூட்டுவதே செறிவூட்டல். தானியத்தில் பி12 வைட்டமினைச் சேர்ப்பது அப்படிப்பட்டதன்று. எந்தத் தானியத்திலும் பி12 இயல்பாக இருப்பதில்லை. இல்லாத ஒன்றை எப்படிச் செறிவாக்குவது?

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். நார்ச்சத்து, தயாமின் என்ற பி1 வைட்டமின், பி12 ஆகிய மூன்றும் ஒரே எழுத்தளவில், ஒரே நிரலில் நிற்கும். அவை வந்த வழியோ மூன்று. நார்ச்சத்து பெரும்பாலும் தானியத்துக்கே உரியது. தயாமின் தானியத்தின் தவிட்டிலும் முளையிலும் மிகுதியாக இருப்பது. தீட்டும்போதும் வேகவைக்கும்போதும் இழந்ததை ஆலை திருப்பி வைக்கிறது. பி12 முழுக்க முழுக்க வெளியிலிருந்து வந்தது. படிப்பவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை என்பதுதான் என் குறை.

வேறுபாடு உடலுக்குள்ளும் தொடர்கிறது. கீரையிலும் பருப்பிலும் இயல்பாக இருக்கும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் 1 மைக்ரோகிராம் செய்யும் வேலைக்கு, அதன் செயற்கை வடிவமாக உணவோடு சேர்த்த ஃபோலிக் அமிலம் 0.6 மைக்ரோகிராமே போதும் என்று கணக்கிடுகிறார்கள். சேர்த்ததே எளிதில் உட்கிரகிக்கப்படுகிறது. இரும்பின் கதை வேறு. பல தானிய வகைகளில் சேர்ப்பது உப்பு வடிவ இரும்புகூட இல்லை, நுண்ணிய உலோகப் பொடி. நன்றாகக் கரையும் இரும்பு உப்புகள் உணவின் நிறத்தைக் கெடுத்து, கொழுப்பைச் சிக்கடிக்க வைப்பதால் இந்தப் பொடியை நாடுகிறார்கள். உடல் அதை, நன்றாகக் கரையும் உப்பான ஃபெரஸ் சல்ஃபேட்டைவிடக் குறைவாகவே ஏற்கிறது. நான் ஒருமுறை இரண்டு கைப்பிடித் தானியத்தை மாவாக நொறுக்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் வலுவான காந்தத்தை வைத்து மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் காந்தத்துக்கு நேரே கண்ணாடியின் உட்புறத்தில் சாம்பல் கறுப்பாக ஒரு மெல்லிய மயிர்ப்படலம் ஒட்டியிருந்தது. அட்டவணையில் மில்லிகிராமில் படித்த இரும்பு அதுதான். அதைப் பார்த்த பிறகு ‘செறிவு’ என்ற சொல் எனக்கு ஒட்டவே இல்லை.

ஆங்கிலமும் இவ்விடத்தில் தெளிவாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இழந்ததைத் திருப்புவது ‘என்ரிச்மென்ட்’, இல்லாததைச் சேர்ப்பது ‘ஃபோர்ட்டிஃபிகேஷன்’ என்று சில நூல்கள் பிரிக்கின்றன. உணவுத் தரங்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ் 1987இல் வகுத்த பொதுக் கோட்பாடுகளோ இரண்டையும் ஒரே பொருளாக்கி, இழப்பை ஈடுசெய்வதற்கு ‘ரெஸ்டோரேஷன்’ என்று தனிப்பெயர் கொடுத்தன. அவர்கள் குழப்பத்தை நாம் அப்படியே பெயர்த்தெழுத வேண்டியதில்லை.

‘வலுவூட்டல்’ என்ற முன்மொழிவு மூலச்சொல்லின் கோட்டையை நினைவூட்டுகிறதே தவிர, கம்பி வைத்த காங்கிரீட்டுக்குத்தான் பொருந்தும். ‘ஊட்டமேற்றம்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆயினும் கால்பங்கு சர்க்கரையாக உள்ள ஒரு தானியத்தை ‘ஊட்டமேற்றிய’ என்று அழைத்தால் அது பாராட்டாகிவிடும். கலைச்சொல் விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே ‘சத்தேற்றம்’ என்பதை முன்வைக்கிறேன். மின்னேற்றம், தரவேற்றம் என்பவற்றில் வரும் அதே ஏற்றம்தான். வெளியிலிருந்து கொண்டுவந்து வைப்பது என்ற பொருளை அது தானே தருகிறது. செய்முறைக்கும் பொருந்துகிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களை மாவிலேயே கலந்துவிடுவார்கள். வெப்பம் தாங்காத வைட்டமின்களைச் சுட்டு முடித்த பிறகு மேலே தெளிப்பார்கள். அப்படித் தெளித்தவற்றில் நீரில் கரைபவை கிண்ணத்துப் பாலில் இறங்குவதால், பாலை மிச்சம் வைப்பவர் ஏற்றிய சத்திலும் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்.

இந்த அடியிலிருந்து மற்றவை எளிதாகக் கிளைக்கின்றன. சத்தேற்றிய தானியம், பயிரின் வித்திலேயே சத்தைக் கூட்டும் ‘பயோஃபோர்ட்டிஃபிகேஷன்’ முறைக்குப் பயிர்வழிச் சத்தேற்றம், ஏற்றப்படும் பொருளுக்குச் சேர்சத்து, திருப்பி வைக்கப்படுவதற்கு மீள்சத்து. பின்னவை இரண்டும் ஊறுகாய், சுடுசொல் போல வினைத்தொகை, வல்லினம் மிகாது.

‘சீரியல்’ பற்றி ஒரு வரி. அதை அப்படியே எழுதினால் பாதிப் பேர் தொலைக்காட்சித் தொடரைத் தேடுவார்கள். ‘அவல்’ தட்டையானவற்றுக்கு மட்டுமே சரி. வளையங்களும் உருண்டைகளும் வெளியே நின்றுவிடும். காலையுணவுத் தானியம் என்பது நீளமானாலும் இருக்கட்டும்.

தானியத்துக்கே உரிய சத்தை என்னவென்பது என்பதில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. தற்சார்பு, தற்செயல் போலத் தற்சத்து என்று புணர்ப்பதே முறை. ஆனால் சிறிய எழுத்தில் அச்சிட்ட அட்டவணையில் அதைப் படிப்பவர் தற்காலிகச் சத்தோ என்று மயங்கக்கூடும் என்பதால் தன்சத்து என்று விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. இலக்கணம் நன்கறிந்தவர்கள் இதற்கு விடை எழுதினால் கலைச்சொல் பட்டியலில் அதையே பதிவேன்.