பாவிச்ச காரா, புதுக்காரா? கையைச் சுட்டுக்கொண்ட ஆட்கள் சொல்லுங்கள்

வாவிக்கரை
2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து, திறந்தால் விலை இறங்கும் என்று காத்திருந்தவன் நான். 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். வரியோடு சேர்த்து விலையைக் கேட்டதும் புதுக்கார் ஆசை போய்விட்டது. மறுகா என்ன, பாவிச்ச ஆல்டோதான். புறோக்கர் கல்முனையில் ஒன்று காட்டினார். சிவப்பு நிறம், ஏ.சி. நல்ல குளிர், உள்ளே ஊதுபத்தி வாசம். அந்த வாசத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

கூட வந்த கராஜ் பாஸ் பொனட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து முடியும்வரை இழுத்தார். உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழத்தில் வயல் சேறு காய்ந்த நிறம், விளிம்பில் கோடு கீறினதுபோல. "தம்பி, இது வெள்ளம் குடிச்ச வண்டி" என்றார். விற்கிறவர் மழைக்குக் கண்ணாடி திறந்து கிடந்ததாம் என்றார். சரி என்று வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அதே கார் கல்லடிப் பெற்றோல் செட்டில் நின்றது. புது ஆள் ஓட்டினார், பின் சீட்டில் சின்னப்பிள்ளை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

காரைதீவான்
அதற்குத்தான் புதுசு எடுக்க வேண்டும் என்பது. 2019இல் லீசிங்கில், மாதத் தவணைக்கு, பிராண்ட் நியூ எடுத்தேன், வீட்டில் எல்லோரும் ஏசினார்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நிற்கும்போது ஒருத்தர் கண்ணாடியைத் தட்டி, "விற்பீங்களா அண்ணே?" என்று ஒரு விலை சொன்னார். வாங்கின விலையைவிடக் கூட! லீசிங்கை முடித்துக் கையில் காசும் மிஞ்சியது. இப்ப அந்தக் காசுக்கு அதே கார் கிடைக்காது என்பது வேறு கதை. மனைவி அதைத் தினமும் ஞாபகப்படுத்துகிறார்.

தாழங்குடா மாஸ்டர்
காரைதீவான், அது புதுக்காரின் கெட்டித்தனம் இல்லை. இறக்குமதி நின்றதால் ஊரில் இருந்த எல்லா வண்டிக்கும்தான் விலை ஏறியது, என் அயலவரின் பழைய மாருதிக்கும் சேர்த்து. வழி திறந்த பிறகு அதையே கணக்காக எடுத்துப் புதுசுக்குப் போகச் சொல்லாதீர்கள்.

என் கதை சின்னது. ஓபன் பேப்பரில் வாங்கினேன், அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்ட பெயர் மாற்றப் படிவத்தில். கையெழுத்து வைத்தவர் கட்டாரில், அவருக்குப் பிறகு மூன்று கை மாறியிருக்கிறது. பெயர் மாற்றப் போனால் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

ஆகவே கேளுங்கள். சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) இடத்தில் லீசிங் கம்பெனி பெயர் கிடந்தால், முழுக்கக் கட்டி முடித்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விற்கிறவரை நேரில் இருத்திக் கையெழுத்து வாங்குங்கள், அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். நம் பக்கம் கடற்காற்று. கல்லாறு, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில் என்று கரையில் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் உப்புத் தின்றிருக்கும். ஜாக் அடித்துத் தூக்கி, கதவுக்குக் கீழ்ப்பட்டியை விரலால் தட்டுங்கள். டின் சத்தம் வர வேண்டும், மந்தமாகக் கேட்டால் துரு தின்ற இடத்தைப் பூசி அடைத்திருக்கிறார்கள். மைலேஜ் இலக்கத்தை நம்பவேண்டாம், பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருக்கா என்று பாருங்கள். அப்புறம் கையிலுள்ள முழுக்காசுக்கும் கார் தேடாதீர்கள். டயர், பற்றரி, இன்சூரன்ஸ் எல்லாம் முதல் மாதமே வரும்.

வாவிக்கரை
மாஸ்டர், நான் கேட்டது அனுபவம். பாடம் நடத்திவிட்டீர்கள் 😄

மருதமுனை நானா
மாஸ்டரை விடுங்க, அவர் சொல்றது சரிதான். வாவிக்கரை எழுதினதைப் படிச்சிட்டு இப்பதான் வெளியே போய் வந்தேன். நம்மட கார் சிவப்பில்லை, வெள்ளை, போன மாசம் வாங்கினது. நாலு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்தேன். சேறு இல்லை, கோடு இல்லை.

டிரைவர் பக்கத்துப் பெல்ட் மட்டும் புத்தம் புதுசு.