வியாழக்கிழமை உள்விசாரணை: சங்கச் செயலாளரை உடன் அழைத்துச் செல்ல முடியுமா?

கேள்வி: சூளகிரி ஆபரேட்டர்

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக சி.என்.சி. (கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம்) ஆபரேட்டராக வேலை செய்து வருகிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 350 பேர் இருக்கிறோம், சங்கமும் இருக்கிறது. ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தை முறிந்து, அந்தத் தாவா இப்போது தொழிலாளர் துறையில் சமரச நிலையில் உள்ளது.

சென்ற மாதம் இரவு ஷிப்டில், பக்கத்து இயந்திரத்து ஆபரேட்டர் விடுப்பில் இருந்ததால், நான் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களோடு மூன்றாவதையும் சேர்த்து ஓட்டும்படி சூப்பர்வைசர் சொன்னார். என்னுடைய இரண்டாவது இயந்திரத்தில் கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) கசிந்து தரையெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் மூன்றையும் பார்க்க முடியாது என்று சொல்லி, கசிந்த இயந்திரத்தை நிறுத்தினேன். வாக்குவாதம் நடந்தது உண்மை. கெட்ட வார்த்தை பேசியது உண்மையில்லை.

மறுநாள் கேட்டிலேயே என்னை நிறுத்தி சஸ்பென்ஷன் உத்தரவைக் கொடுத்தார்கள். ஆறு நாள் கழித்து, மேலதிகாரியின் கட்டளையை மீறியது, தகாத வார்த்தைகளால் திட்டியது, வேண்டுமென்றே உற்பத்தியை நிறுத்தியது என்று மூன்று குற்றச்சாட்டுகளுடன் சார்ஜ் ஷீட் வந்தது. ‘மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, முடித்துவிடலாம்’ என்று மனிதவளத் துறையில் இருந்து தொலைபேசியில் சொன்னார்கள். சங்கத்தில் எழுத வேண்டாம் என்றார்கள். குழப்பத்தில் நான்கே வரியில் மறுப்பு எழுதிக் கொடுத்தேன்.

முதல் அமர்வு கேன்டீனுக்கு மேல்மாடி அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர். நிர்வாகத் தரப்பில் வாதாடுபவர் சட்டம் படித்த மனிதவள மேலாளர். எங்கள் சங்கச் செயலாளர் வெளியாள் என்பதால் அவரை அனுமதிக்க முடியாது, சக தொழிலாளி ஒருவரை வேண்டுமானால் அழைத்து வரலாம் என்றார்கள். நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையெழுத்து கேட்டார்கள். எல்லோரும் போட்டதால் நானும் போட்டுவிட்டேன். சஸ்பென்ஷன் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம் இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வரும் வியாழக்கிழமை சூப்பர்வைசரின் சாட்சியம். போகலாமா, புறக்கணிக்கலாமா? போனால் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: ஓய்வு பெற்ற சங்கக்காரர், கிருஷ்ணகிரி

தம்பி, கட்டாயம் போங்கள். நீங்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து முடித்துவிடுவார்கள். அதன்பின் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எந்த நீதிமன்றத்திலும் அவ்வளவு எளிதாகக் கேட்க முடியாது. இருபது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட விசாரணைகளில் தொழிலாளிக்கு உதவியாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையில் உரத்துப் பேசியவன் வென்று நான் பார்த்ததில்லை. பின்னால் படிக்கப்படப்போவது விசாரணைக் குறிப்பு மட்டுமே. ஆகவே நீங்கள் சொல்வது தாளில் ஏறுகிறதா என்பதில் மட்டும் கண்ணாயிருங்கள்.

முதலில், இன்றைக்கே மூன்று கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒன்று பிழைப்பூதியம் கேட்டு. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி, தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால், முதல் 90 நாள்களுக்கு ஊதியத்தில் பாதியும், அடுத்த 90 நாள்களுக்கு முக்கால் பங்கும், 180 நாள்களைத் தாண்டினால் முழு ஊதியமும் கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல. நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலார் தங்க வயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் அந்தோணியின் வழக்கில், பிழைப்பூதியம் கொடுக்காமல் அவர் இல்லாமலேயே நடத்திய விசாரணையை உச்ச நீதிமன்றம் 1999இல் செல்லாது என்றது. பணம் வரவில்லை என்பதை வியாழக்கிழமை அமர்வின் குறிப்பிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆவணங்கள் கேட்டு. சூப்பர்வைசர் எழுதிய புகார், அன்றிரவின் ஷிப்ட் ஒப்படைப்பு நோட்டுப் புத்தகம், பராமரிப்புப் பிரிவின் புகார்ச் சீட்டு, கேமராப் பதிவு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அதைப் பத்திரப்படுத்தக் கோரும் வரியைத் தனியாக எழுதுங்கள். கசிவைப் பற்றி அந்த நோட்டில் யாராவது ஒரு வரி எழுதியிருந்தால், மூன்றாவது குற்றச்சாட்டில் உள்ள ‘வேண்டுமென்றே’ என்ற சொல் ஆட்டம் காணும்.

மூன்றாவது, மொழி. உங்களுக்குப் புரியும் மொழியில் குறிப்பு எழுதப்பட வேண்டும், அல்லது ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் அமர்வில் புரியாமல் கையெழுத்திட்டதையும் அதே கடிதத்தில் பதிவு செய்யுங்கள். இனி கையெழுத்திடும்போது, பக்கத்தின் அடியில் வெற்றிடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போடுங்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால், ‘நான் சொன்ன இன்னது எழுதப்படவில்லை’ என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதி, அதன் கீழே போடுங்கள். அவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

செயலாளரை உள்ளே விடாதது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

பதில் 2: தருமபுரி வழக்கறிஞர்

மேலே ஐயா எழுதியவற்றில் பெரும்பாலானவை சரி. கடைசி வரியில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. உள்விசாரணையில் வெளியாளின் உதவியைப் பெறுவது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. உங்கள் தொழிற்சாலையின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள், அதாவது எழுத்தில் உள்ள பணி விதிகள், என்ன சொல்கின்றன என்பதைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் கிரசென்ட் டைஸ் வழக்கிலும், பாரத் பெட்ரோலியம் வழக்கிலும் கூறியுள்ளது. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் இருந்த மத்திய அரசின் மாதிரி நிலையாணை, தொழிலாளி உறுப்பினராக உள்ள சங்கத்தின் பொறுப்பாளரை அனுமதித்தது. ஆனால் ‘சக தொழிலாளி மட்டும்’ என்று உங்கள் நிறுவனத்தின் நிலையாணை சான்றளிக்கப்பட்டிருந்தால் அதுவே செல்லும். ஆகவே விசாரணை அதிகாரி வாயால் சொன்னதை நம்பாமல், நிலையாணையின் படியை வாங்கிப் படியுங்கள். பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் அதை வாயிலருகே ஒட்டிவைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்த விதி.

இன்னொரு வழியும் உண்டு. நிர்வாகத் தரப்பில் வாதாடுபவர் சட்டப் பயிற்சி பெற்றவர் என்றால், தொழிலாளியும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். பம்பாய் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதற்கு அடிப்படை. மேலாளர் சட்டம் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தாலும் அந்த மறுப்பு குறிப்பில் ஏறும்.

உங்கள் சார்ஜ் ஷீட்டில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது இரண்டாவது குற்றச்சாட்டு. எந்த வார்த்தை என்று அதில் இருக்கிறதா? ‘தகாத வார்த்தைகள்’ என்று மட்டும் இருந்தால் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. தெளிவற்ற குற்றச்சாட்டு என்ற ஆட்சேபத்தை எழுப்புங்கள்.

ஊதியத் தாவா சமரச நிலையில் இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது பெரிய விஷயம். தாவா நிலுவையில் இருக்கும்போது, அதோடு தொடர்பில்லாத குற்றத்துக்காகப் பணிநீக்கம் செய்தால்கூட, ஒரு மாத ஊதியத்தைக் கொடுத்து, தாவாவைப் பார்க்கும் சமரச அதிகாரியிடம் ஒப்புதல் கோரி விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் பெறாத பணிநீக்கம் செல்லாது என்று 2002இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆவது பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதே தொகுப்பில், சஸ்பென்ஷன் தேதியிலிருந்து சாதாரணமாக 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் பணிநீக்கத்தை எதிர்த்துத் தாவா எழுப்ப முன்பிருந்த மூன்றாண்டு அவகாசம் இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மன்னிப்புக் கடிதம் பற்றி: ‘நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்று எழுதினாலே அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும். உங்கள் சங்கம் தடுத்தது சரி.

பதில் 3: பாலக்கோட்டுப் பெண்

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதேபோல் ஒரு விசாரணை நடந்தது. எனக்கு உதவியாக வந்த அக்காவுக்கும் அனுபவம் இல்லை. நிர்வாகத்தின் முதல் சாட்சி பேசி முடித்ததும், ‘குறுக்கு விசாரணை செய்கிறீர்களா?’ என்று அதிகாரி கேட்டார். அவர் சொன்னதெல்லாம் பொய் என்ற கோபத்தில், ‘இவரிடம் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை’ என்று சொல்லிவிட்டேன். அறிக்கையில் ‘சாட்சியம் மறுக்கப்படவில்லை’ என்று எழுதினார்கள். வேலை போகவில்லை என்றாலும் இரண்டு ஊதிய உயர்வுகளை வெட்டினார்கள். கேள்விகளை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அண்ணா. அவசரமாக இருந்தால் அவகாசம் கேளுங்கள்.

பதில் 4: ஓய்வு பெற்ற சங்கக்காரர், கிருஷ்ணகிரி

வழக்கறிஞர் ஐயா திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் காலத்து நிலையாணையை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன்.

தங்கை சொன்ன குறுக்கு விசாரணை பற்றி ஒரு வார்த்தை. ‘ஏன் பொய் சொல்கிறீர்கள்’ என்று சாட்சியிடம் கேட்காதீர்கள். அது அவருக்கு இன்னொரு முறை கதை சொல்ல வாய்ப்புக் கொடுப்பதாகும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் நின்றார், அப்போது எத்தனை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, புகாரை எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து எழுதினார், கசிவைப் பார்த்தாரா, பார்த்திருந்தால் பராமரிப்புப் பிரிவுக்குச் சொன்னாரா. ஒரு கேள்விக்கு ஒரு செய்தி போதும். சக தொழிலாளியை அழைத்துப் போவதென்றால், வாய்ச்சாலகம் உள்ளவரைவிட நிதானமாக எழுதத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள். செயலாளர் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இருக்கட்டும். இடைவேளையில் அவரிடம் பேசிவிட்டு வர அனுமதி கேட்கலாம்.

சூளகிரி ஆபரேட்டர்

வியாழக்கிழமை போய் வந்தேன். நிலையாணையின் படியைச் சங்க அலுவலகத்தில் பார்த்தோம். அதில் ‘சக தொழிலாளி’ என்றுதான் இருக்கிறது. ஆகவே அசெம்பிளிப் பிரிவில் இருக்கும் நண்பரை அழைத்துப் போனேன். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள்; உத்தரவு பிறகு என்றார்கள்.

ஒன்றை முதலில் எழுத மறந்துவிட்டேன். எனக்கும் சூப்பர்வைசருக்கும் வீட்டில் தெலுங்கு. வேலையிடத்திலும் நாங்கள் இருவரும் தெலுங்கில்தான் பேசிக்கொள்வோம். அன்று நடந்த வாக்குவாதமும் தெலுங்கில்தான். புகார் ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கறிஞர் ஐயா சொன்னதை வைத்து, ‘நான் திட்டியதாகச் சொல்லும் வார்த்தையைப் பேசிய மொழியிலேயே சொல்லுங்கள்’ என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். நண்பர் அதைப் படித்ததும் சூப்பர்வைசர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஆட்சேபித்தார். விசாரணை அதிகாரி, கேள்வி சரியானதுதான், பதில் சொல்லுங்கள் என்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ‘சரியாக நினைவில்லை’ என்றார் சூப்பர்வைசர். புகாரைத் தட்டச்சு செய்தது யார் என்று கேட்டதற்கு, மனிதவளத் துறை அலுவலகத்தில் செய்து தந்தார்கள் என்றார். இரண்டும் குறிப்பில் ஏறின. ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட்டேன். கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கம் காலியாக இருந்தது, குறுக்கே கோடு இழுத்தேன்.

ஷிப்ட் நோட்டை அடுத்த அமர்வில் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முந்தைய ஷிப்டில் இருந்தவர், ‘இரண்டாம் இயந்திரம் கூலன்ட் லீக், சொல்லியாச்சு’ என்று தன் கையால் அதில் எழுதியதாகச் சொல்கிறார். சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றார். வீட்டில் கேட்டுவிட்டு உறுதி சொல்வதாக இருக்கிறார். பிழைப்பூதியம் நேற்று மாலை வங்கிக் கணக்கில் விழுந்தது.